பாவப் பரிகாரம் (கிறித்தவம்)

பாவப் பரிகாரம் என்பது, பாவத்தால் கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே முறிந்த உறவு இயேசு கிறிஸ்துவின் சிலுவைச் சாவினால் சரிசெய்யப்பட்டது என்னும் கிறித்தவ நம்பிக்கையைக் குறிக்கும். ஒருவர் தாம் இழைத்த தீங்கை ஈடுசெய்வதும் பரிகாரம் என்றே வழங்குகிறது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு 1 யோவான் 2:2-இல் 'கிருபாதார பலி' என்கிறது. பொது மொழிபெயர்ப்பில் அது 'கழுவாய்'.

இக்கருத்தின் வேர் யூத சமயத்தில் உள்ளது. ஆண்டுக்கொரு முறை மக்களின் பாவங்களைத் தலைமைக் குரு ஓர் ஆட்டுக்கிடாயின் தலைமேல் சுமத்திப் பாலைநிலத்துக்கு அனுப்பியதை லேவியர் நூல் 16-ஆம் அதிகாரம் விவரிக்கிறது. பலரும் அறிந்தது இந்தச் சடங்குதான். ஆனால் அதே நூலின் 6-ஆம் அதிகாரப்படி, பிறர் பொருளை அபகரித்தவர் பலியோடு தப்பிவிட முடியாது. பொருளையும் அதனுடன் ஐந்தில் ஒரு பங்கையும் உரியவரிடம் கொடுத்தாக வேண்டும். லூக்கா 19-இல் வரும் சக்கேயு இதற்கும் மேலே போகிறார். ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொல்கிறார்; ஆட்டைத் திருடி வெட்டியவனுக்கோ விற்றவனுக்கோ பழைய சட்டம் விதித்த அளவு அது.

கிறிஸ்துவே ஈடுசெய்துவிட்டார் எனில் மனிதர் செய்ய என்ன இருக்கிறது? மனிதரால் தீர்க்க இயலாத கடனைக் கடவுள்-மனிதரான கிறிஸ்து தீர்த்தார் என்று 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆன்செல்ம் விளக்கினார். மீட்புடன் மனிதச் செயல் எதையும் சேர்க்க முடியாது என்பது 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகளின் நிலை. திரிதெந்து சங்கமோ 1551-இல் மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றையும் ஒப்புரவு அருட்சாதனத்தின் பகுதிகளாக வரையறுத்தது. எனினும் திருடியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று இரு தரப்பும் சொல்லவில்லை.

கத்தோலிக்க வழக்கில், பாவசங்கீர்த்தனத்துக்குப் பின் குருவானவர் சொல்லும் செபங்கள் திருட்டுப் பணத்துக்கு ஈடாகா. உரியவர் இறந்திருந்தால் வாரிசுகளுக்கும், யாரென்றே தெரியாவிட்டால் ஏழைகளுக்கும் அது சேர வேண்டும். பெயரை வெளியிடாமல் குருவானவர் வழியாகத் திருப்பித் தருவதும் உண்டு. அவதூறுக்குத்தான் வழி கடினம். கெடுத்த பெயரை மீட்டுத்தர வேண்டும் என்பதே விதி. பணத்தையாவது எண்ணிக் கொடுக்கலாம், பேச்சு எத்தனை பேர் காதுக்குப் போனது என்று சொன்னவருக்கே தெரியாது.