கிட்டங்கிக் கரையில் ஒரு காலை

பங்குனி மாதத்து விடியற்பொழுது. சுபஹுத் தொழுகை முடிந்து மக்கள் இல்லம் திரும்பும் வேளையில், கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கி ஆற்றை நோக்கித் தனியே நடந்தேன். மாரி வெள்ளத்தில் மூழ்கும் பாதை உலர்ந்திருந்தது. பெரும்போக அறுவடை முடிந்த வயல்களில் கொக்குகள் நிரை நிரையாக நின்றன.

வசந்தம் என்றதும் வரவையே நினைப்போம். நமது கரையிலோ அது பிரிவின் காலம். புரட்டாசி, ஐப்பசியில் வந்திறங்கிய நீலச்சிறகி வாத்துகள், சித்திரைக்குள் வடக்கே சைபீரியா வரையுள்ள தம் கூடுகட்டும் நிலங்களுக்குத் திரும்பிவிடும். கைக்குள் அடங்கும் உள்ளான்களும் இமயத்துக்கு அப்பால் செல்கின்றன. இவற்றுள் பலவற்றுக்கு நமது தீவே நெடும்பயணத்தின் இறுதித் தங்குமடம்.

ஆனால் ஆற்றின் நிலையோ நெஞ்சை உறுத்திற்று. ஆற்றுவாழை படர்ந்து நீர்ப்பரப்பை மூடியிருந்தது. ஓரமெங்கும் பொலித்தீன் பைகள். எஞ்சிய சிறு இடைவெளியில் வாத்துகள் நெருங்கி மிதந்தன. தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொணரப்பட்ட இச்செடியைத் தடுக்க 1909ஆம் ஆண்டிலேயே இலங்கையில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் இருந்தது, செடியும் இருக்கிறது!

திடீரென ஒரு கூட்டம் எழுந்து, வட்டமிட்டு, மீண்டும் நீரில் இறங்கியது. இன்னும் சில நாட்களில் அவை போய்விடும். வாசகர்களே, விருந்தினர் திரும்பி வருமுன் வாசலைக் கூட்டி வைப்பது நம் வழக்கமன்றோ?