போக்கர் போட்டிகளில் பெரிய பந்தயத்துக்கு ஈடு கட்டுதல்

போக்கர் ஆட்டத்தில் எதிராளி வைத்த பந்தயத்துக்குச் சமமான தொகையை வைத்துத் தொடர்வது ‘கால்’ எனப்படும். சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகுவது ‘ஃபோல்டு’. சில டாலர் நுழைவுக் கட்டணத்தில் நடக்கும் டெக்சாஸ் ஹோல்டெம் போட்டிகளில், கையிலுள்ள சிப்புகளில் பெரும்பகுதியைக் கேட்கும் பந்தயம் வந்தால் இவ்விரண்டில் எதைத் தேர்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. போட்டியில் சிப்பு தீர்ந்தவர் வெளியேற வேண்டியதுதான். மறுநுழைவு அனுமதிக்கப்படும் தொடக்க நேரம் மட்டும் இதற்கு விலக்கு. (இந்தியாவில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை, திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடு பாராமல் தடை செய்துள்ளது. இங்கு கூறப்படுவது அமெரிக்கா போன்ற நாடுகளில் நடக்கும் போட்டிகளைப் பற்றியது.)

பாட் கணக்கு

நடுவில் சேர்ந்திருக்கும் தொகைக்குப் ‘பாட்’ என்று பெயர். பாட்டில் 3,000 சிப்பு இருக்கும்போது எதிராளி 3,000 வைக்கிறார் என்று கொள்வோம். கால் செய்பவர் 3,000 போட்டால் மொத்தம் 9,000 ஆகும். ஆகவே மூன்றில் ஒரு முறை, அதாவது 33 சதவீதம், வென்றாலே நட்டமில்லை. பாதிப் பாட் அளவுப் பந்தயத்துக்கு 25 சதவீதம் போதும். பாட்டைப் போல் இருமடங்கு வைத்தால் 40 சதவீதம் வேண்டும். பந்தயம் எவ்வளவு பெரிதானாலும் இந்த எண் 50ஐத் தாண்டுவதில்லை.

புதியவர்கள் அதிகம் தவறுவது ஃபிளஷ் எதிர்பார்ப்பில்தான். ஃப்ளாப்பில் ஒரே இனத்தில் நான்கு சீட்டு சேர்ந்திருந்தால், மீதி இரண்டு சீட்டும் திறக்கப்படும்போது ஐந்தாவது கிடைக்கும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம். ஒரே சீட்டு மிச்சமிருக்கும் டர்ன் நிலையில் அது 20 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. அதே கை, அதே பாட் அளவுப் பந்தயம்; ஃப்ளாப்பில் ஆல்-இன் என்றால் கணக்கு ஏறத்தாழ ஒத்துவரும், டர்னில் ஒத்துவராது.

எதிராளி எதை வைத்திருக்கிறார்

எதிராளியின் கையில் என்னென்ன சீட்டுகள் இருக்கக்கூடும் என்பதை ஊகிக்காமல் வெற்றி வாய்ப்பைக் கணிக்க முடியாது. கோட்பாட்டின்படி, ரிவரில் பாட் அளவுப் பந்தயம் வைப்பவர் மூன்றுக்கு ஒன்று வீதம் பிளஃப் கலந்து ஆட வேண்டும். சிறுதொகைப் போட்டிகளில் ஆடுவோர் பலர் அப்படிக் கலப்பதில்லை. அவர்கள் சின்னப் பந்தயங்களுக்குத் தாராளமாகக் கால் செய்வார்கள்; தாங்களே ரிவரில் பெரிய தொகையை நீட்டுவது பெரும்பாலும் கையில் சரக்கு இருக்கும்போதுதான். இதுவரை பேசாமல் கால் மட்டுமே செய்துவந்த ஒருவர் திடீரென உயர்த்தினால், ஒற்றை ஜோடியைக் கவிழ்ப்பது பல நேரம் சரியான முடிவு. பத்தில் ஒரு முறை மட்டும் பிளஃப் செய்பவரிடம், பிளஃபை மட்டுமே வெல்லக்கூடிய கையை வைத்துக்கொண்டு 33 சதவீதம் தேவைப்படும் கால் செய்வது வெறும் ஆர்வக்கோளாறு. மறுபுறம், சிப்பு வற்றிப்போய்ப் பிளைண்ட் தன்னை விழுங்கும்முன் எதையாவது தள்ளிவிடத் துடிப்பவரின் ஆல்-இன்னுக்கு இந்த விதி பொருந்தாது. அவர் கையில் எதுவும் இருக்கலாம்.

பரிசு நெருங்கும்போது

ஒருவர் உயர்த்திய பின் கால் செய்ய, தானே முதலில் உயர்த்துவதைவிடச் சிறந்த கை வேண்டும் என்று அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி விளக்கினார். முதலில் தள்ளுபவருக்கு எதிராளி விலகிவிடும் ஆதாயமும் உண்டு. கால் செய்பவர் சீட்டைக் காட்டி வென்றே ஆக வேண்டும். பரிசுக் கட்டத்தை ஒட்டி இந்த இடைவெளி இன்னும் விரிகிறது.

நால்வர் மிச்சம், ஒவ்வொருவரிடமும் 5,000 சிப்பு, முதல் மூவருக்கு 50, 30, 20 டாலர் பரிசு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரின் இடத்துக்கும் இப்போது 25 டாலர் மதிப்பு. ஒருவர் ஆல்-இன் வைக்க, இன்னொருவர் கால் செய்து வென்றால் அவரிடம் 10,000 சிப்பு சேரும். சிப்பு இருமடங்காகிறது, மதிப்பு 50 டாலர் ஆவதில்லை. அவர் முதலிடம் பெற 2-இல் 1, இரண்டாமிடம் பெற 3-இல் 1, மூன்றாமிடம் பெற 6-இல் 1 வாய்ப்பு என்பதால் மதிப்பு 38.33 டாலர். தோற்றால் சுழியம். 25ஐ 38.33ஆல் வகுத்தால் ஏறத்தாழ 65 சதவீதம் வருகிறது. பிளைண்ட் தொகையை விட்டுவிட்டால், சிப்புக் கணக்கில் 50 போதுமாயிருந்த இடம் இது. ஏஸ்-ராஜா வெவ்வேறு இனமாக இருந்தால், எந்த இரு சீட்டுக்கும் எதிராக அதன் சராசரி வெற்றி வாய்ப்பும் சுமார் 65 சதவீதம்தான். அதாவது எதிராளி சீட்டைப் பார்க்காமலே தள்ளுகிறார் என்று தெரிந்திருந்தாலும், அந்த அழகான கைக்கு அங்கே ஆதாயமில்லை.

இம்முறையின் அடிப்படை டேவிட் ஹார்வில் 1973இல் பந்தயங்களின் முடிவு வரிசை பற்றி வெளியிட்ட சூத்திரம். குதிரைகளுக்காகப் பிறந்த கணக்கு, சிப்புகளுக்கு வந்து சேர்ந்தது.

ஒரு புகழ்பெற்ற கை

பெரிய பந்தயத்தின் முன் தயங்கியவர்களில் அதிகம் பேசப்படுபவர் சாம் ஃபர்ஹா. 2003ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 839 பேர் கலந்துகொண்டனர். இறுதி இருவரில் ஒருவர் அவர். மற்றவர் 86 டாலர் இணையத் தகுதிப் போட்டி வழியாக வந்த கிறிஸ் மனிமேக்கர். மேசையில் 9, 2, 6, 8, 3. ஃபர்ஹாவிடம் ராணி-9, அதாவது மேல் ஜோடி. மனிமேக்கரிடம் ராஜா-7, அவர் எதிர்பார்த்த ஃபிளஷும் ஸ்ட்ரெய்ட்டும் கைகூடவில்லை. ரிவரில் அவர் ஆல்-இன் என்றார். ஃபர்ஹா நெடுநேரம் யோசித்துச் சீட்டைக் கவிழ்த்தார். மனிமேக்கர் பட்டத்தையும் 25 லட்சம் டாலரையும் வென்றார். அன்று தொலைக்காட்சிப் பார்வையாளருக்கு இருவர் சீட்டும் தெரிந்திருந்தன. ஃபர்ஹாவுக்குத் தெரிந்தது தன் இரண்டு சீட்டும் மேசையிலிருந்த ஐந்தும் மட்டுமே.