கடவுச்சொல் பயணம் செய்வதில்லை

மாணவர்களே, பல அலுவலகங்களில் காலையில் ஒருமுறை கடவுச்சொல்லைத் தட்டினால் போதும். மின்னஞ்சல், கணக்கு மென்பொருள், பொதுக் கோப்புகள் எல்லாம் மறுபடி கேட்காமலே திறக்கும். எப்படி?

ஊழியர்களின் கணக்குகள் அனைத்தும் ஒரே பதிவகத்தில் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட்டின் ‘ஆக்டிவ் டைரக்டரி’ அத்தகைய ஒன்று. ஆளை உறுதிசெய்ய அது பயன்படுத்தும் முறை ‘கெர்பரோஸ்’. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவான இதற்கு, கிரேக்கப் புராணத்தில் பாதாள வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயரைச் சூட்டினார்கள்.

நீங்கள் தட்டும் கடவுச்சொல்லிலிருந்து கணினி ஒரு கணிதச் சாவியை உருவாக்குகிறது. அப்போதைய நேரத்தை அச்சாவியால் பூட்டி அனுப்புகிறது. பதிவகத்திலும் அதே சாவி உண்டு. பூட்டுத் திறந்து, நேரமும் பொருந்தினால் அந்த ஆள் நீங்கள்தான். கடவுச்சொல் கம்பி வழியே போகவே இல்லை!

உடனே ஒரு நுழைவுச் சீட்டு கிடைக்கும். அதைக் காட்டி ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனிச்சீட்டு பெறலாம். வழக்கமாக 10 மணி நேரத்தில் சீட்டு காலாவதியாகும். கணினிக் கடிகாரம் 5 நிமிடத்திற்கு மேல் பிசகினாலும் அனுமதி கிடைக்காது. பழைய செய்தியை நகலெடுத்து எவரும் பிறகு அனுப்பி ஏமாற்றக்கூடாது அல்லவா?

ஆனாலும் ஓர் ஆபத்து உண்டு. பூட்டிய செய்தியைப் பிடித்தவர், கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக ஊகித்து அதைத் திறந்து பார்க்கலாம். ‘12345678’ நொடியில் சிக்கிவிடும். எல்லாக் கதவுகளும் ஒன்றாகத் திறக்கும். நீளமான, எளிதில் ஊகிக்க முடியாத சொற்றொடரோ தாக்குப்பிடிக்கும். உங்கள் கடவுச்சொல் எப்படி?