மோகனூரில் பார்வையற்றோர் எத்தனை பேர்?



"மோகனூர்ப் பகுதியில் பார்வையற்றோர் எத்தனை பேர் இருப்பார்கள்?" என்று நமது ஊழியத்தைத் தாங்கிவரும் அன்பர் ஒருவர் கேட்டிருந்தார். முன்பெல்லாம் கண் முகாம் பதிவேட்டைப் பார்த்தே இதற்குப் பதில் எழுதிவந்தோம். அது சரியான பதில் அல்ல. பதிவேட்டில் இருப்பது முகாமுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை மட்டுமே. வர முடியாதவர்கள் அதில் இல்லை.

காவிரிக்கரையில் ஒரு வீட்டில், "இங்கே கண் தெரியாதவர் யாராவது உண்டா?" என்று கேட்டோம். "இல்லீங்க" என்றார் மருமகள். அதற்குள் சுவரைத் தடவிக்கொண்டே மாமியார் வாசலுக்கு வந்தார். இரு கண்களிலும் முற்றிய புரை. "அத்தைக்கு வயசாயிருச்சுங்க, அவ்வளவுதான்" என்றார் மருமகள். அவர் பொய் சொல்லவில்லை. முதுமை வந்தால் பார்வை போவது இயல்பு என்றே அந்த வீட்டார் நம்பியிருந்தார்கள்.

ஆகவே வீடு தேடிப்போய்த்தான் எண்ண வேண்டும். ஆனால் ஒரு மாவட்டத்தின் எல்லா வீடுகளுக்கும் போக இயலாது. எனவே சீட்டுப் போடுவதைப்போல ஊர்களையும் தெருக்களையும் தெரிந்தெடுக்கிறார்கள். நம் மாவட்டத்தில் எடுத்தால், மோகனூர்க் கடைவீதிக்கும் கொல்லிமலைச் சிற்றூருக்கும் அவற்றின் ஜனத்தொகைக்கு ஏற்ற வாய்ப்பு இருக்க வேண்டும். சாலை நன்றாயிருக்கும் ஊராகப் பார்த்துப் போனால் கணக்கு கெட்டுவிடும். 1990-களில் மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் அரவிந்த் கண் மருத்துவமனையார் இம்முறையில் 50 இடங்களைத் தெரிந்தெடுத்து, 40 வயதும் அதற்கு மேலுமான 5150 பேரைச் சோதித்தார்கள்.

தெரிந்தெடுத்த தெருவில் ஒருவரையும் விடக் கூடாது. கரும்புக் காட்டுக்கு வேலைக்குப் போனவரை மாலையில் மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும். வேலைக்குப் போகிறவர் பெரும்பாலும் கண் தெரிந்தவர். அவரை விட்டுவிட்டால் குருடரின் விகிதம் உண்மைக்கு மேல் ஏறும். மூலையில் இருக்கும் பாட்டியை விட்டுவிட்டாலோ அது உண்மைக்குக் கீழே இறங்கும்.

யாரைப் பார்வையற்றவர் என்பது? நல்ல கண்ணுக்கு 60 மீட்டரில் தெரியும் குறியை 3 மீட்டர் அருகில் கொண்டுவந்தும் காண முடியாதவரை உலக சுகாதார நிறுவனம் அப்படிக் கணக்கிடுகிறது. நம் தேசத் திட்டத்திலோ 2017 வரை இது 6 மீட்டராக இருந்தது. அளவுகோல் மாறினால் எண்ணிக்கையும் மாறும். 1986-89 கணக்கெடுப்பில் பார்வையின்மை நூற்றுக்கு 1.49, 2015-19 கணக்கெடுப்பில் 0.36. சிகிச்சையின் பலன் இதில் மெய்யாகவே உண்டு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் இறக்கத்தின் ஒரு பங்கு அளவுகோல் மாறியதால் வந்தது.

"இவ்வளவு குறைந்துவிட்டதே, இனி நம் உதவி எதற்கு?" என்று யாரும் எண்ண வேண்டாம். அதே கணக்கெடுப்பில் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 1.99 பேர் பார்வையற்றவர்கள். அதாவது ஆயிரம் முதியோரில் ஏறக்குறைய 20 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் காரணம் கண்புரை. அறுவை சிகிச்சையால் நீங்கக்கூடியது. இது இந்தியா முழுமைக்குமான சராசரி. இதை மோகனூரின் கணக்கு என்று எழுதி உங்களிடம் காணிக்கை கேட்க மாட்டோம்.

நூறு ஆடுகளை உடைய மேய்ப்பன் எண்ணிப் பார்த்ததால்தான் ஒன்று குறைந்ததை அறிந்தான். அறிந்ததால் தேடிப் போனான். எண்ணுவதும் ஊழியமே. முகாமுக்கு வர இயலாதவர்களை வீடு வீடாகத் தேடிச் செல்லும் நமது பணியாளர்களை உங்கள் ஜெபத்திலும் காணிக்கையிலும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் அண்டை வீட்டிலும், "வயதாகிவிட்டது, அவ்வளவுதான்" என்று விடப்பட்ட ஒருவர் இருக்கிறாரா என்று இன்றே பாருங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் ஆசீர்வதிப்பாராக.