கார்டுப் போட்டிக்குப் போன அனுபவமும் கார்டைக் காக்கும் முறையும்

சில மாதங்களுக்கு முன் கீழமாசி வீதியில் ஒரு நண்பரிடம், "பேரனைக் கூட்டிக்கொண்டு சென்னையில் கார்டுப் போட்டிக்குப் போய் வந்தேன்" என்று சொன்னேன். "இந்த வயசில் சீட்டாட்டமா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டார். இது காசு வைத்து ஆடும் சீட்டும் அல்ல, மாதாமாதம் கட்டும் ஏலச்சீட்டும் அல்ல. பிள்ளைகள் கடையில் வந்து கேட்கும் போக்கிமான் கார்டு. அதைப் பற்றி நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள் சில இருப்பதால் எழுதுகிறேன்.

படம் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. என் சிறு வயதில் திருநகரில் தீப்பெட்டிப் படத்தைக் கிழித்துச் சேர்க்காத பையன் கிடையாது. 1980களில் நான் கடையில் உட்கார்ந்த காலத்தில் பிக் ஃபன் பபிள்கம்மோடு கிரிக்கெட் வீரர் படம் வந்தது. அதில் ரன், விக்கெட் என்று கணக்குப் போட்டிருக்கும். பிள்ளைகள் கம்மை வாயில் போடுமுன் படத்தைத்தான் பார்ப்பார்கள். 1990களில் மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு வந்தது. நாம் அதையெல்லாம் சில்லறைச் சரக்காகவே நினைத்தோம்.

அமெரிக்காவிலும் அப்படித்தான் நினைத்தார்கள். நியூயார்க் புரூக்ளினில் டாப்ஸ் என்ற சூயிங்கம் கம்பெனி 1952இல் பேஸ்பால் வீரர் படங்களை வெளியிட்டது. கடைசித் தொகுதி தாமதமாக வந்தது. ஆட்டப் பருவம் முடிகிற நேரம், கடைக்காரர்கள் வாங்கவில்லை. தீபாவளி முடிந்து வந்த பட்டாசை யார் வாங்குவார்கள்? சரக்கு குடோனில் தேங்கியது. இடத்தை அடைக்கிறது என்று 1960இல் அத்தனை பெட்டிகளையும் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டினார்கள். அந்தத் தொகுதியில் இருந்த மிக்கி மேன்டில் என்ற வீரரின் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. நம் பணத்தில் ஏறக்குறைய 100 கோடி ரூபாய். விலை போகாத சரக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது இந்தக் கதைதான் நினைவுக்கு வருகிறது. (அதற்காக யாரும் பூச்சி விழுந்த பருப்பைப் பூட்டி வைக்க வேண்டாம்.)

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கார்டு மூலை மடங்காமல், கீறல் இல்லாமல் இருந்ததால்தான் அந்த விலை. அதே ஆண்டு, அதே வீரர், முனை தேய்ந்தது என்றால் அதில் மிகச் சிறிய பங்குதான் கிடைக்கும். இந்த வியாபாரத்தில் சரக்கின் பெயர் பாதி, சரக்கின் நிலை பாதி.

சேர்ப்பதோடு நில்லாமல் எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் கார்டு 1993இல் அமெரிக்காவில் வந்தது. ரிச்சர்ட் கார்பீல்டு என்ற கணிதம் படித்தவர் அமைத்த மேஜிக் என்ற ஆட்டம் அது. போக்கிமான் கார்டு 1996இல் ஜப்பானில் வந்தது. ஒருவர் 60 கார்டு கொண்ட கட்டு ஒன்றைத் தாமே தேர்ந்து அமைக்க வேண்டும். எனர்ஜி என்ற அடிப்படைக் கார்டைத் தவிர, ஒரே பெயருள்ள கார்டு நாலுக்கு மேல் இருக்கக் கூடாது. கையில் ஏழு கார்டோடு ஆட்டம் தொடங்கும். மனக்கணக்கு, ஞாபகம், பொறுமை மூன்றும் வேண்டும்.

இனி நான் செய்த தவறைச் சொல்கிறேன். போட்டிக்குப் பத்து நாள் இருக்கையில், பேரன் கார்டுகளை மேசையில் பரப்பிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டான். மின்விசிறிக் காற்றில் பறக்கிறதே என்று, பில் கட்டுவது போல நான் எல்லாவற்றையும் அடுக்கி, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றாகப் போட்டு பீரோவில் வைத்தேன். நாற்பது வருடப் பழக்கம். மாலையில் அவன் பிரித்துப் பார்த்தான். மேலே இருந்த கார்டின் இரண்டு ஓரத்திலும் பள்ளம் விழுந்திருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. "பரவாயில்லை தாத்தா" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் போய் இறங்கினோம். ஒரு கடையின் மாடியில் நீள மேசைகள் போட்டிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகும் பெரியவர்களும் கலந்து இருந்தார்கள். சத்தமே இல்லை. முதலில் கட்டில் உள்ள 60 கார்டின் பட்டியலை எழுதிக் கொடுக்க வேண்டும். நாம் சரக்கோடு அனுப்பும் சிட்டை போல. பட்டியலில் இல்லாதது கட்டில் இருக்கக் கூடாது. முதல் சுற்றில் தோற்றாலும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. வென்றவர் வென்றவரோடும் தோற்றவர் தோற்றவரோடும் அடுத்த சுற்று ஆடுகிறார்கள். சென்னை வரை போய்ப் பத்து நிமிடத்தில் திரும்ப வேண்டியதில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் சுற்றில் நடுவர் வந்து பேரனின் கட்டைச் சோதித்தார். உறைக்குள் இருந்தும் அந்த ஒரு கார்டு விரலுக்குத் தட்டுப்பட்டது. பின்பக்கம் பார்த்தே இன்ன கார்டு என்று கண்டுபிடிக்க முடியும் என்றால் அது அடையாளமிட்ட கார்டு ஆகிவிடும். வேண்டுமென்று செய்தாலும் தெரியாமல் செய்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். நடுவர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகம் சுண்டிப்போயிற்று. பக்கத்து மேசைப் பையன், மறு சுற்றில் இவனோடு மோத வேண்டியவனாகக்கூட இருக்கலாம், தன் பையிலிருந்து அதே கார்டை எடுத்து, "முடிஞ்சதும் குடுங்க" என்று நீட்டினான். ரசீது இல்லை, முன்பணம் இல்லை.

இதன் பிறகுதான் பாதுகாப்பு முறைகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆடும் கார்டு ஒவ்வொன்றுக்கும் மெல்லிய உறை போட வேண்டும். அறுபது உறையும் ஒரே நிறம், ஒரே பழசாக இருக்க வேண்டும். ஒன்று கிழிந்தால் அதை மட்டும் மாற்றினால் அதுவே அடையாளம் ஆகிவிடும். விலை கூடிய கார்டுக்கு மெல்லிய உறை போட்டு, அதன் மேல் கெட்டியான பிளாஸ்டிக் உறை. ஆல்பம் என்றால் பக்கவாட்டில் கார்டைச் செருகும் வகை நல்லது, தலைகீழானாலும் விழாது. பழைய பிவிசி ஆல்பம் கூடாது. நாளானால் பிசுபிசுப்பு கக்கும். நாம் பருப்பு பொட்டலம் போடும் பிபி கவர் இருக்கிறதே, அந்த ஜாதி பிளாஸ்டிக்தான் காகிதத்துக்கு ஒத்துவரும்.

பளபளப்புக் கார்டு ஐப்பசி மழையில் வில் போல வளையும். காகிதப் பக்கம் ஈரத்தை இழுக்கிறது, மினுங்கும் தாள் பக்கம் இழுப்பதில்லை, அதனால் வளைவு. மிளகாய் வற்றலை ஈரக்காற்றுக்குக் காட்டாமல் வைப்போமே, அதே கவனம் போதும். மூடி இறுகிய டப்பாவில் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போடலாம். அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் மறுபக்கம் வளையும். தகரக் கூரையின் கீழ்ப் பரணும் கூடாது, சுவரை ஒட்டிய கீழ்த் தட்டும் கூடாது. அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

போட்டிக்குப் போகையில் ஆடும் கட்டும் மாற்றிக்கொள்ள நினைக்கும் கார்டும் மட்டும் போதும். மற்றதை வீட்டில் விட்டுச் செல்லலாம். கிளம்புமுன் இருப்புக் கணக்கு எழுதி, விலை உள்ளவற்றை முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். ஆடும்போது பையின் வாரை காலில் மாட்டிக்கொள்கிறார்கள். நம் சந்தைக்காரர்கள் பணப்பையை மடியில் செருகுவது போல. மாற்றிக்கொள்ளும்போது இருவர் கார்டும் மேசை மேல் இருக்க வேண்டும், இருவரும் அன்றைய விலையைப் பார்க்க வேண்டும். "சீக்கிரம் சொல்லு" என்று அவசரப்படுத்துகிறவரிடம் கைகொடுக்கவே வேண்டாம். சிறு பிள்ளை என்றால் பெரியவர் ஒருவர் கூட நிற்பது நல்லது.

விலை ஏறிக்கொண்டே போகும் என்றும் நினைக்க வேண்டாம். ஆட்டத்துக்கு வேண்டிய கார்டு புது வரத்து அச்சானதும் இறங்கிவிடும். ஒவ்வொரு ஆண்டும் பழைய தொகுதிகளைப் போட்டியிலிருந்து விலக்குகிறார்கள், அப்போதும் இறங்கும். வத்தல் வியாபாரம் செய்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கார்டின் நிலையை 1 முதல் 10 வரை மதிப்பிட்டு, கெட்டிப் பெட்டியில் முத்திரையிட்டுத் தரும் கம்பெனிகள் அமெரிக்காவில் உண்டு. பிஎஸ்ஏ என்பது 1991இல் தொடங்கியது. சாதாரணக் கார்டை அனுப்பினால் போக வரச் செலவே கார்டு விலையைத் தாண்டிவிடும். பழைய பொட்டலங்களைத் தராசில் நிறுத்துப் பார்த்து, எடை கூடியதில் பளபளப்புக் கார்டு இருக்கும் என்று எடுத்துக்கொண்டு மீதியை விற்கிற ஆட்களும் உண்டாம். தராசு நம் கையில் மட்டும் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

நம் கடைக்கு வரும் சரக்கைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. தங்க நிறத்தில் மினுங்கும் போக்கிமான் கார்டு, பெட்டி 55 கார்டு என்று ஒரு சேல்ஸ்மேன் என்னிடமும் வந்தார். விலை மலிவு, லாபம் அதிகம், பில் கிடையாது. பேரனிடம் காட்டினேன். போலி என்று தொடாமலே சொன்னான். அசல் கார்டின் ஓரத்தைக் கூர்ந்து பார்த்தால் நடுவில் கருப்புக் கோடு ஒன்று தெரியும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எளிதில் ஊடுருவாது. எழுத்துப் பிழை, வெளிறிய பின்பக்க நீலம் ஆகியவையும் காட்டிக்கொடுக்கும். 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் 104ஆம் பிரிவின்படி, போலி முத்திரைச் சரக்கை விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் உண்டு. தக்க எச்சரிக்கையோடு வாங்கினேன், சந்தேகப்படக் காரணமில்லை, கொடுத்தவர் இன்னார் என்று சொல்ல முடிந்தவருக்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. பில் இல்லாமல் வாங்கியவர் எதைக் காட்டுவார்? தெரு முனைக் கடையில் இருபது ரூபாய்க்குப் போலி வாங்கிய பிள்ளை அதைப் போட்டிக்குக் கொண்டுபோனால், எல்லார் முன்னாலும் எடுத்து வைக்கச் சொல்வார்கள். அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். சேல்ஸ்மேனைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

பேரன் அன்று ஐந்து சுற்றில் இரண்டில் வென்றான். இரவல் கார்டைத் திருப்பிக் கொடுத்து, அந்தப் பையனுக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தோம். பள்ளம் விழுந்த கார்டு இப்போது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. ரப்பர் பேண்டு டப்பா கடையில் இருக்கிறது, வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.