இரவில் குஞ்சுகளைக் காக்கப் பழைய கம்ப்யூட்டர்

கோழிக் குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் புரூடரில் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் தேவை. பின்னர் வாரத்திற்கு 5 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். பகலில் இதைக் கவனிப்பது எளிது. பின்னிரவில் புரூடர் பல்பு ஃபியூஸ் போனால் வீட்டில் உறங்குபவருக்குத் தெரிவதில்லை. குளிர் தாங்காமல் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி ஒண்டிக்கொள்ளும். அடியில் அகப்பட்டவை மூச்சுத் திணறி மடியும். விடிந்து கொட்டகையைத் திறக்கும்போதுதான் நட்டம் தெரியவரும்.

பிள்ளைகள் பயன்படுத்திக் கழித்த பழைய கம்ப்யூட்டர் வீட்டு மூலையில் கிடக்குமானால், அதை இந்த இரவுக் காவலுக்கு வைக்கலாம். சவுண்ட் கார்டு இல்லையே, எப்படி ஒலிக்கும் என்ற ஐயம் வேண்டாம். 1981-ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி. முதற்கொண்டு இவ்வகைக் கம்ப்யூட்டர்களின் பெட்டிக்குள் பெரும்பாலும் ஒரு சிறு ஸ்பீக்கர் இருக்கும். சுவிட்சைப் போட்டதும் 'பீப்' என்று ஒலிப்பது அதுவே. மதர்போர்டிலுள்ள டைமர் சிப் அதை இயக்குகிறது.

டாஸுடன் வந்த கியூபேசிக் மொழியில் 'சவுண்ட்' என்ற ஆணை உண்டு. அதற்கு இரண்டு எண்கள் கொடுக்க வேண்டும். முதல் எண் வினாடிக்கு எத்தனை அதிர்வு என்பது. இரண்டாவது எவ்வளவு நேரம் என்பது. இரண்டாம் எண் 18 எனில் ஏறக்குறைய ஒரு வினாடி ஒலிக்கும். தொடர்ந்து ஒலிப்பதைவிட, ஒரு வினாடி ஒலித்து ஒரு வினாடி நிறுத்துவதே உறக்கத்தைக் கலைக்கும். விண்டோஸ் 7 முதல் இந்த ஒலி சவுண்ட் கார்டுக்கே அனுப்பப்படுவதால், டாஸ் அல்லது விண்டோஸ் 98 உள்ள கம்ப்யூட்டரே இதற்கு ஏற்றது.

இனி, குளிர்ந்துவிட்டது என்பதைக் கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்வது? அதன் பின்புறம் 9 ஊசிகள் கொண்ட சீரியல் போர்ட் இருக்கும். அதன் 7-ஆம், 8-ஆம் ஊசிகளிலிருந்து இரு ஒயர்களை இழுத்துப் புரூடரிலுள்ள தெர்மோஸ்டாட் சுவிட்சில் இணைக்க வேண்டும். முதல் சீரியல் போர்ட்டாயின் 'அவுட்' ஆணையால் 1020 என்ற முகவரிக்கு 2 என்ற எண்ணை அனுப்பினால் 7-ஆம் ஊசியில் மின்னழுத்தம் வரும். 'இன்ப்' ஆணையால் 1022-ஆம் முகவரியைப் படித்து, அதில் 16 சேர்ந்திருந்தால் சுவிட்ச் மூடியிருக்கிறது என்று பொருள். பள்ளியில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளை பத்து வரிக்குள் எழுதிவிடும்.

வெப்பம் சரியாக இருக்கும்போது மூடியும், குறைந்தால் திறந்தும் கொள்ளுமாறு சுவிட்சை இணைப்பது மிக அவசியம். அப்போது எலி ஒயரைக் கடித்தாலும் மணி அடிக்கும். மாற்றி இணைத்தால் ஒயர் அறுந்த அன்று எச்சரிக்கையே வராது. பல்புகளை இயக்கும் 230 வோல்ட் சுவிட்சை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. தனிச் சுவிட்சே வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைப் புரூடரின் ஓரத்தில், கூளத்திற்கு 2 அங்குலம் மேலே தொங்கவிடலாம். தேவையான வெப்பத்திற்கு 5 டிகிரி கீழே மணி அடிக்குமாறு வைத்து, வாரந்தோறும் இந்த அளவையும் குறைத்துவர வேண்டும். இதை மறந்தால் இரவெல்லாம் வீண் ஒலி எழும். எரிச்சலில் யாராவது நிறுத்தி வைத்துவிடுவார்கள்.

பெட்டிக்குள் உள்ள ஸ்பீக்கரின் ஒலி அடுத்த அறைக்கு எட்டாது. அதைக் கழற்றி, பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் 8 ஓம் ஸ்பீக்கரை நீண்ட ஒயரில் இணைத்துக் கட்டில் அருகே வைக்கலாம்.

மின்வெட்டில் கம்ப்யூட்டரும் அணைந்துவிடும். யு.பி.எஸ். இல்லாமல் இதை நம்புவது வீண். மானிட்டரை அணைத்து வைத்தால் பாட்டரி கூடுதல் நேரம் தாங்கும். மின் செலவும் குறையும். கம்ப்யூட்டர் கைவசம் இல்லாதவர்கள் இதற்கென வாங்க வேண்டியதில்லை. பாட்டரியும் மணியும் தெர்மோஸ்டாட்டும் அவர்களுக்குப் போதும். ஒன்றுக்கு மேற்பட்ட கொட்டகை உள்ளவர்களுக்கே கம்ப்யூட்டரால் கூடுதல் பயன். ஒவ்வொரு கொட்டகைக்கும் வெவ்வேறு ஒலி வைக்கலாம். மணி அடித்த நேரத்தையும் அது குறித்து வைக்கும்.

தினமும் படுக்கப் போகுமுன் ஒயரை ஒருமுறை கழற்றி, ஒலி வருகிறதா என்று பார்த்துவிட்டு மீண்டும் இணைக்க வேண்டும்.