எஸ்தர் அரசியின் மூன்று நாட்கள்

நேயர்களே, வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டிலே எஸ்தர் என்னும் பெயரால் வழங்கும் சிறு நூல் ஒன்று உண்டு. பத்தே அதிகாரங்கள், ஒரு மாலைப்பொழுதில் வாசித்து முடித்துவிடலாம். எபிரேய மொழியிலுள்ள அந்நூலை வாசிப்பவர் அதில் ஒரு புதுமையைக் காண்பர். பாரசீக மன்னனைப் பற்றிய பேச்சு பக்கந்தோறும் வருகின்றது. கடவுளின் திருநாமமோ ஓரிடத்தும் வரவில்லை. உபவாசம் உண்டு, ஆனால் பிரார்த்தனை என்ற சொல் இல்லை. சாக்கடலருகே கும்ரான் குகைகளில் 1947ஆம் ஆண்டு தொடக்கம் கண்டெடுக்கப்பட்ட பழஞ்சுவடிகளுள்ளும் இந்நூலின் பிரதி எதுவும் அடையாளங் காணப்படவில்லை. சீர்திருத்தத் திருச்சபையின் தந்தையாகிய மார்ட்டின் லூதர் இதனை விரும்பினாரல்லர்.

இத்தகைய நூலிலிருந்து ஆன்மிக ஆயத்தம் பற்றி என்ன கற்றுக்கொள்ளலாம் என்று சிலர் வினவக்கூடும். ஆயினும் கத்தோலிக்கத் திருச்சபையிலே தபசுகாலத்தின் முதல் வாரத்து வியாழக்கிழமைத் திருப்பலியில் வாசிக்கப்படுவது எஸ்தர் அரசியின் மன்றாட்டே. அம்மன்றாட்டு கிரேக்க மொழிபெயர்ப்பில் பிற்காலத்தே சேர்ந்த பகுதி. எபிரேய நூல் மௌனமாக விட்ட இடத்தை அடியார்கள் செபத்தால் நிரப்பினர் போலும்.

முதலிற் கதையின் களத்தைக் காண்போம். அகாஸ்வேரு என்று வேதம் கூறும் மன்னன், கி.மு. 486 முதல் 465 வரை பாரசீகத்தை ஆண்ட முதலாம் சேர்க்சஸ் என்பதே பெரும்பாலோர் கருத்து. இந்து தேசம் முதல் எத்தியோப்பியா வரை 127 மாகாணங்கள் அவன் ஆட்சிக்குட்பட்டிருந்தன என்று நூல் தொடங்குகின்றது. சூசான் என்னும் அரண்மனை நகர் இன்றைய ஈரானின் தென்மேற்கில் உள்ளது. 1884ஆம் ஆண்டில் அங்கே அகழ்வாய்வைத் தொடங்கிய பிரெஞ்சு நாட்டவரான மார்செல் தியூலஃபுவா கொண்டுசென்ற வில்வீரர் சுவரோவியமும், எருதுத் தலைகள் கொண்ட மாபெருந் தூண்முடியும் பாரிஸ் நகரின் லூவர் அரும்பொருட்சாலையில் இன்றும் நிற்கின்றன. அந்தத் தூணின் அளவைக் கண்டவர்களுக்கு, அம்மண்டபத்தினுள் அழையாது நுழைவதென்றால் எத்தகைய அச்சம் பிறந்திருக்கும் என்பது விளங்கும். கதையில் நிகழ்ந்தவை அனைத்தும் வரலாறுதானா என்பதில் அறிஞர் ஒருமித்தவரல்லர். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சேர்க்சஸின் மனைவியாக அமெஸ்திரிஸ் என்பவளையே குறிப்பிடுகின்றார். அந்த வழக்கைத் தீர்ப்பது இன்றைய பேச்சின் நோக்கமன்று.

எஸ்தருக்கு எபிரேயப் பெயர் அத்சாள். தாய் தந்தையரை இழந்தவள். பெரியவனான மொர்தெகாய், முறையில் அவளுக்குத் தமையன், வளர்ப்பில் தந்தை. அரசி வஸ்தி தள்ளப்பட்டபின், நாடெங்கும் அழகிய கன்னியரைத் திரட்டுமாறு அரச கட்டளை பிறந்தது. அவ்வாறு திரட்டப்பட்டோருள் எஸ்தரும் ஒருத்தி. அவள் விரும்பிச் சென்றாள் என்று நூல் கூறவில்லை. கொண்டுபோகப்பட்டாள் என்றே கூறுகின்றது. இதனை மறைத்து, ஏழைப் பெண் அரசியான இன்பக் கதையாகச் சொல்வோரை நான் பலமுறை கேட்டிருக்கின்றேன். வேதம் அவ்வளவு எளிதாக அதனைச் சொல்லவில்லை.

அரண்மனையிலே அவளுக்கு ஓர் ஆயத்தம் நடந்தது. வெள்ளைப்போளத் தைலத்தால் ஆறு மாதம், நறுமணப் பொருள்களால் ஆறு மாதம், ஆகப் பன்னிரண்டு மாதம். மன்னன் கண்ணுக்கு உகந்தவளாக்கும் பொருட்டு மற்றவர்கள் அவள்மேற் செய்த ஆயத்தம் அது. மன்னனுடைய ஏழாம் ஆட்சியாண்டில் முடி சூட்டப்பெற்றாள். தன் குலத்தை வெளியிடவேண்டா என்று மொர்தெகாய் சொன்ன சொல்லைக் காத்து, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் அரசியாக வாழ்ந்தாள்.

பன்னிரண்டாம் ஆண்டின் முதல் மாதத்திலே முதன்மந்திரி ஆமான், மொர்தெகாய் தன்னை வணங்காத ஒரே காரணத்தால், யூத குலம் முழுவதையும் அழிக்கத் துணிந்தான். நாள் பார்க்கச் சீட்டுப் போட்டான். அச்சீட்டுக்குப் பூர் என்று பெயர். பன்னிரண்டாம் மாதமாகிய அதார் மாதத்தின் 13ஆம் நாள் விழுந்தது. பதினாயிரம் தாலந்து வெள்ளி தருவதாகக் கூறி அரச முத்திரையையும் பெற்றான். அஞ்சற்காரர் விரைந்தோடினர். நகரம் கலங்கிற்று, மன்னனும் ஆமானும் மதுவருந்த அமர்ந்தனர்.

நேயர்களே, இவ்விடத்தில் எஸ்தர் என்ன செய்தாள் என்பதை ஊன்றிக் கவனியுங்கள். மொர்தெகாய் இரட்டுடுத்தி, சாம்பல் பூசி, அரண்மனை வாயிலிற் கதறுகின்றான் என்ற செய்தி அவளுக்கு எட்டியது. உடனே அவள் அவனுக்கு உடுத்திக்கொள்ள நல்ல வஸ்திரம் அனுப்பினாள்! தன் குலத்தின் அழிவுக்கான கட்டளை தான் இருந்த நகரிலேயே எழுதப்பட்டிருக்க, அரசிக்கு அஃது தெரியாது. அரண்மனை மதில்கள் அவ்வளவு தடித்தவை. துயரத்தின் காரணத்தை வினவுமுன் துயரத்தின் கோலத்தை மாற்ற முற்பட்டாள். அன்பினாலேதான் செய்தாள், எனினும் அவள் இன்னும் ஆயத்தமாகவில்லை. மொர்தெகாய் அந்த வஸ்திரத்தை ஏற்க மறுத்தான். அம்மறுப்பு இல்லையேல் அடுத்த கேள்வியும் பிறந்திராது. அதன்பின்னரே ஆத்தாகு என்னும் அரண்மனைப் பணியாளனை அனுப்பி, இது யாது, ஏன் என்று கேட்டாள்.

உண்மை தெரிந்தபின்னும் அவள் முதலிற் சொன்னது ஒரு தடையையே. அழைக்கப்படாமல் உள்முற்றத்தில் மன்னன்முன் செல்வோர்க்கு மரணம். அவன் பொற்செங்கோலை நீட்டினாற் பிழைப்பர். தன்னை முப்பது நாளாய் அவன் அழைக்கவில்லை. சட்டத்தை எடுத்துக் காட்டினாள், நாளையும் எண்ணிக் காட்டினாள். இது கோழைத்தனம் என்று நான் கருதவில்லை. தன் அச்சம் எவ்வளவு என்பதை அளந்து சொல்லத் தெரிந்தவளே பின்னர் அதனைத் தாண்டினாள். கெத்சமனித் தோட்டத்தை நினைவுகூருங்கள்: ஒருபோதும் இடறேன் என்று உறுதி கூறிய பேதுரு உறங்கிவிட்டார், தம் ஆத்துமா துயரமுற்றிருக்கின்றது என்று வாய்விட்டுச் சொன்ன ஆண்டவரோ விழித்திருந்தார்.

மொர்தெகாய் அனுப்பிய மறுமொழி கடுமையானது. அரண்மனையில் இருப்பதனால் நீ தப்புவாய் என்று எண்ணாதே. நீ வாய் திறவாவிடினும் மீட்பு வேறு வழியாக வரும். இந்த வேளைக்கென்றே உனக்கு அரச பதவி கிடைத்ததோ, யார் அறிவார் என்ற கருத்தில் அது அமைந்தது. அந்த ‘யார் அறிவார்’ என்னும் பகுதி எனக்கு மிகவும் பிடித்தமானது. இது கடவுளின் சித்தம் என்று அவன் அறுதியிட்டுக் கூறவில்லை. வெற்றி கிட்டும் என்று வாக்களிக்கவுமில்லை. நிச்சயம் கிடைத்தபின் புறப்படலாம் என்று காத்திருப்போர் பலரை நாம் அறிவோம். எஸ்தருக்கு அந்த வசதி அளிக்கப்படவில்லை.

அவள் கேட்டதெல்லாம் மூன்று நாட்கள். சூசானிலுள்ள யூதர் அனைவரும் இரவும் பகலும் உண்ணாமலும் பருகாமலும் தனக்காக உபவாசிக்க வேண்டும். தானும் தன் தாதியரும் அவ்வாறே செய்வர். அதன்பின் சட்டத்துக்கு மாறாகச் செல்வாள். அழிய நேர்ந்தால் அழிவும் ஏற்கத்தக்கதே. ஆமானின் கட்டளை முதல் மாதம் 13ஆம் நாள் எழுதப்பட்டது. மறுநாள் மாலை பாஸ்கா. எனவே அவ்வாண்டு விடுதலைத் திருநாளையே விட்டு உபவாசித்தனர் என்பது யூத மரபு.

பன்னிரண்டு மாதம் தைலம் பூசிய உடல் மூன்று நாள் பட்டினி கிடந்தது. முன்னைய ஆயத்தத்திற் பெற்ற அழகை இவ்வாயத்தத்தில் அவள் பணயம் வைத்தாள். வாடிய முகத்தோடு செல்வது அந்த மன்னனிடம் செல்லத் தக்க தந்திரமன்று. மேலும், தனியே உபவாசிக்க அவள் துணியவில்லை. அதுவரை குலத்தை மறைத்து வாழ்ந்தவள், அக்குலத்தாரின் உபவாசத்திலே தன்னையும் சேர்த்துக்கொண்டாள். மன்னனிடம் வெளியிடுமுன்னரே, பசியிலே அவள் யூதப் பெண்ணாகிவிட்டாள்.

பத்துக் கன்னியர் உவமையிலே புத்தியுள்ளவர்கள் தங்கள் எண்ணெயைப் பகிர்ந்துகொடுக்க மறுத்தது ஏன் என்று சமயபாட வகுப்பில் மாணாக்கர் என்னைக் கேட்பதுண்டு. இது தன்னலமன்றோ என்பது அவர்கள் வாதம், நல்ல வாதமே. பிறர் நமக்காக வேண்டலாம், நம்மோடு பசித்திருக்கலாம். ஆனால் உள்முற்றத்தின் வாயிலைக் கடக்கும் கால் நம்முடையதாயிருத்தல் வேண்டும். சூசான் நகர் முழுவதும் உபவாசித்தது. உள்ளே சென்றவள் ஒருத்தியே.

மூன்றாம் நாள் அவள் இரட்டுடுத்திச் செல்லவில்லை. அரச உடை அணிந்தே சென்றாள். கிரேக்கப் பிரதியோ, மன்னன் முகங்கண்ட அச்சத்தில் அவள் மயங்கி வீழ்ந்தாள் என்று கூறுகின்றது. செங்கோல் நீண்டது. அரசிற் பாதி தருவதாக மன்னன் கூறியும் அவள் ஒரு விருந்துக்கே அழைத்தாள். அவ்விருந்திலும் கேட்காமல் மறுநாள் விருந்துக்கு அழைத்தாள். ஏன் தாமதித்தாள் என்று நூல் சொல்லவில்லை. ஆனால் இரு விருந்துகளுக்கும் இடைப்பட்ட இரவிலேதான் மன்னனுக்கு உறக்கம் வராதொழிந்தது. நாளாகமங்களை வாசிக்கச் சொன்னான். முன்பு தன் உயிரைக் காத்த மொர்தெகாய்க்குக் கைம்மாறு செய்யப்படாதது தெரியவந்தது. அந்த இரவை எஸ்தர் திட்டமிடவில்லை, திட்டமிடவும் இயலாது. ஆமானும் ஆயத்தமாகத்தான் இருந்தான்: ஐம்பது முழ உயரத் தூக்குமரம் அவன் வீட்டில் நின்றது. அவனுடைய ஆயத்தத்தில் எதிர்பாராததற்கு இடமிருக்கவில்லை.

மறுநாள் விருந்தில் அவள் தன் உயிரையும் தன் மக்களின் உயிரையும் கேட்டாள். ஆமான் தன் தூக்குமரத்திலேயே மாண்டான். பல பிரசங்கங்கள் இங்கே முடிந்துவிடும். ஆனால் கட்டளை இன்னும் நிலைத்து நின்றது. ஆகவே எட்டாம் அதிகாரத்திலே எஸ்தர் மறுபடியும் மன்னன் பாதத்தில் விழுந்து அழுகின்றாள். செங்கோல் மறுபடியும் நீள்கின்றது. இம்முறை தன் உயிருக்காக அன்று; அவள் உயிர் தப்பியாயிற்று. மூன்று நாள் உபவாசம் ஒரு துணிவுக்கு மட்டுமே போதுமானதாயிருந்தால், அவள் முதல் வெற்றியோடு அமைதியாய் அமர்ந்திருப்பாள்.

ஒன்பதாம் அதிகாரத்தை மறைத்துச் செல்வதும் முறையன்று. யூதர் தம் பகைவரில் 75,000 பேரைக் கொன்றனர் என்று எபிரேய நூலும், 15,000 பேர் என்று கிரேக்கப் பிரதியும் கூறுகின்றன. சூசானில் இன்னொரு நாள் வேண்டுமெனக் கேட்டவள் எஸ்தரே. பகைவரை நேசிக்கக் கற்பித்தவரின் சீடர்கள் இப்பகுதியை வாசிக்கையில் தடுமாறுவர், தடுமாறுதல் நன்று. எஸ்தரிடம் கற்கத்தக்கது வாயிலுக்குள் சென்ற நடை. அந்த இரண்டாம் நாளைக் கேட்ட வேண்டுகோளை அவளிடமே விட்டுவிடுகின்றேன்.

இந்நிகழ்ச்சியின் நினைவாகவே யூத மக்கள் அதார் மாதம் 14ஆம் நாள் பூரீம் திருநாளைக் கொண்டாடி, எஸ்தர் சுருளை வாசித்து, ஏழைகளுக்குக் கொடை வழங்கி, விருந்துண்டு மகிழ்கின்றனர். அதற்கு முதல் நாளாகிய 13ஆம் நாள், ஆமானின் சீட்டு அழிவுக்கெனக் குறித்த அதே நாள், எஸ்தரின் உபவாசம் என்ற பெயரால் வழங்குகின்றது. அன்று விடியுமுன் தொடங்கி இருட்டும்வரை அவர்கள் உண்பதுமில்லை, பருகுவதுமில்லை.